மைனஸ் இருபத்தொன்றில் ஒரு பட்டன்

அக்கா என்மேல் வைத்திருந்த நம்பிக்கையின் விலை பதினெட்டாயிரம். பை இலவசம்.

நான் சொன்னது இருபத்தாறு, அவள் கேட்டது பதின்மூன்று. கூடப் பிறந்தவளிடம் பேரம் பேசுவதைப் போன்ற கொடுமை வேறில்லை. மற்றவர்களிடம் "எனக்கே இந்த விலைக்கு வரலைங்க" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளலாம். அக்காவிடம் அது செல்லாது. சரக்கு வந்த அன்று என்னோடு நின்று பெட்டிகளை இறக்கியதே அவள்தான், பில்லையும் பார்த்துவிட்டாள்.

என் கடையில் பழைய லேப்டாப்புகள்தான் வியாபாரம். அந்தத் தடவை ஏலத்தில் வந்தவை முரட்டு ரகம். சுரங்கத்துக்கும் காட்டுக்கும் தூக்கிப் போகிறவர்களுக்காகச் செய்தவை. நான்கு மூலையிலும் ரப்பர், சூட்கேஸ் போல ஒரு கைப்பிடி, நாலு கிலோ கனம். வாடிக்கையாளர் கண்ணெதிரே ஒன்றை மேசையிலிருந்து தள்ளிவிடுவேன். எடுத்துத் தட்டி, பட்டனை அமுக்கினால் அரை நிமிடத்தில் ஸ்கிரீன் வெளிச்சம் காட்டும். மெஷின் விழுந்த வேகத்தில் வாங்க வந்தவரும் விழுந்துவிடுவார்.

"விழுந்தா உடையாது, சரி," என்றாள் அக்கா. "நான் அதைக் கீழ போடப் போறதில்ல. எனக்கு அது குளிர்ல ஓடணும். மைனஸ் இருபதுல ஓடுமா?"

"பனிக்கட்டிக்குள்ள புதைச்சு வச்சாலும் ஓடும்."

"நீ புதைச்சுப் பாத்தியா?"

"எனக்கு வித்தவன் சொன்னான்."

"அவன் புதைச்சுப் பாத்தானா?"

"அக்கா, பதினெட்டு. பை இலவசம். ஆளை விடு."

பணத்தை எண்ணி வைத்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள். "சோதனை அன்னைக்கு நீயும் மேல வரணும். ஓடலேன்னா அங்கேயே வச்சு உன்னைத் திட்டணும். போன்ல திட்டினா எனக்கு ஆறாது."

அக்கா தண்ணீர் வாரியத்தில் பம்ப் மெக்கானிக். மூன்று குளிர்காலமாகத் தினக்கூலி. மேட்டு பம்ப் அறையில் புதிதாக ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி வைத்ததிலிருந்து, ஸ்பேனர் பிடித்தால் போதாது, லேப்டாப்பைச் சொருகி அதனோடு பேசவும் வேண்டும் என்றாகிவிட்டது. வெளிக் கம்பெனிக்கு வேலையைக் கொடுத்துவிடலாம் என்றார்கள். இவள் விடவில்லை. கடைசியில் ஒரு சோதனைக்கு ஒத்துக்கொண்டார்கள். நடுக்குளிரில் பம்ப்பை நிறுத்தி, பெட்டியில் உள்ள கோளாறுகளைப் படித்துச் சரிசெய்து, நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். அதைத் தாண்டினால் குழாயில் தண்ணீர் உறையும். காட்டினால் வேலை நிரந்தரம். தினக்கூலிக்கு வாரியம் லேப்டாப் தராது. சொந்தத்தில் கொண்டுவர வேண்டும். போன குளிர்காலத்தில் வீட்டு லேப்டாப்பைத் தூக்கிப் போனாள். பத்தே நிமிடத்தில் பேட்டரி படுத்துவிட்டது. இரண்டாவது வாய்ப்பு உண்டு, மூன்றாவது கிடையாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

சோதனைக்கு வந்த மேற்பார்வையாளருக்கு வாரியத்தில் 'கடிகாரம்' என்று பெயர். டீ குடிப்பதற்குக்கூட ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் எழுதி வைக்கிற மனிதர். காலை பத்து மணிக்கு மேட்டில் வெயில் இருந்தது, பேருக்கு. சுவரில் தொங்கிய வெப்பமானியில் மைனஸ் இருபத்தொன்று. மூச்சு விட்டால் மீசையில் ஒட்டியது.

"தம்பி யாரு?" என்றார் என்னைப் பார்த்து.

"கேரண்ட்டி சார்," என்றாள் அக்கா. "சாமானோட வந்தது."

பேட்டரியை அவள் கோட்டின் உள்பையில், உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள். போன வருடத்துப் பாடம். பம்ப்பை நிறுத்தினாள். கடிகாரம் நேரத்தைக் குறித்தார். பெட்டியைத் திறந்து, கேபிளை மாட்டி, பேட்டரியைச் சொருகி, பட்டனை அமுக்கினாள்.

ஒன்றும் வரவில்லை. மூலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அவ்வளவுதான்.

என் கடையில் அரை நிமிடத்தில் வருகிற ஸ்கிரீன் இங்கே மூன்று நிமிடமாகியும் வரவில்லை. எனக்குக் காது மடல் சுட்டது, அந்தக் குளிரிலும். "தள்ளு," என்று அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். ஆரஞ்சு விளக்கு. மூன்று நிமிடம் பொறுத்து மறுபடி. வியாபார வீட்டில் பிறந்தவனுக்குச் சும்மா நிற்கிற சரக்கைப் பார்த்தால் கை அரிக்கும். தட்டிப் பார்ப்போம், ஆட்டிப் பார்ப்போம், எதையாவது அமுக்குவோம். அதையெல்லாம் செய்தேன். கேபிள் முனையில் கோளாறோ என்று இரண்டு பேரும் பெட்டிக்கு அடியில் தலையைவிட்டுப் பார்த்தோம். கேபிளில் குறை இல்லை. எழுந்து வந்து இன்னொரு தடவை அமுக்கினேன்.

"பனிக்கட்டிக்குள்ள புதைச்சாலும் ஓடும்னு சொன்னியே," என்றாள் அக்கா மெதுவாக. "உன்னையத்தான் புதைக்கணும்."

"கடையில ஓடுச்சுக்கா."

"கடையில ஹீட்டர் ஓடுது, நீ ஓடுற, மெஷின் ஓடாதா?"

"இருபத்தெட்டு நிமிஷம்," என்றார் கடிகாரம். "இன்னும் பதினேழுதான் இருக்கு மெக்கானிக்கம்மா. கையால ஸ்டார்ட் பண்ணிடறீங்களா? குழாயாவது தப்பிக்கும்."

கையால் ஓட்டினால் குழாய் தப்பிக்கும், அக்காவின் வேலை தப்பிக்காது. நான் ஏழாவது தடவையாகப் பட்டனுக்கு விரலை நீட்டினேன். என் கையைத் தட்டிவிட்டாள். தட்டிய வேகத்தில் அவள் மணிக்கட்டு மெஷினின் வலது ஓரத்தில் பட்டது. கையுறைக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெறும் தோல் இருந்த இடம் அது. அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"இங்க சூடா இருக்கு."

"என்னக்கா?"

"செத்தது சூடாகுமாடா? இது உயிரோட இருக்கு. உள்ள இருக்கற டிஸ்க்கை முதல்ல சூடு பண்ணிக்குது. அதுக்கப்புறம்தான் எழுந்திருக்கும் போல. நீ பாதியில அணைச்சு அணைச்சு எழுப்பற." விளக்கையே பார்த்தாள். "காலையில உன்னை எழுப்பற மாதிரிதான். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை போர்வைய இழுத்தா எழுந்திருப்பியா, உதைப்பியா?"

அதோடு வந்த கையேடு ஒன்று இருந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கடையில் ஆடுகிற மேசையின் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நேரமா அது?

"எல்லாரும் கையைப் பாக்கெட்ல போடுங்க," என்றாள். "சார், நீங்களும்."

கடிகாரம் ஒரு நொடி தயங்கிவிட்டுப் போட்டார்.

வாழ்க்கையில் எத்தனையோ பேரத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். விலையைச் சொன்ன பிறகு கடைக்காரன் பேசக் கூடாது. எதிராளி நெளியட்டும் என்று கூரையைப் பார்க்க வேண்டும். அதில் எனக்குக் கெட்டிக்காரன் என்ற பேர் உண்டு. ஆனால் எதிரே மனிதன் இருந்தால் நெளிவான், இருமுவான், எழுந்து போவது போல நடிப்பான். இந்த மெஷின் எதுவும் செய்யவில்லை. ஆரஞ்சு, இருட்டு, ஆரஞ்சு, இருட்டு. பாக்கெட்டுக்குள் என் விரல் தானாகவே எதையோ அமுக்கிக்கொண்டிருந்தது. அக்கா மணிக்கட்டை எடுக்காமல், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் கை வைத்தவள் போல நின்றாள்.

"முப்பத்துமூணு," என்றார் கடிகாரம், யாரும் கேட்காமலே.

விளக்கு பச்சையானது. ஸ்கிரீன் மங்கலாக, தூக்கக் கலக்கத்தோடு வந்தது. எழுத்துகள் நகர்ந்தால் பின்னால் நிழல் இழுத்தது, குளிரில் நாக்குக் குழறுகிறவர் பேச்சு போல. ஆனால் பேசியது.

அடுத்த ஏழு நிமிடம் அக்காவை நான் பார்க்கவே இல்லை என்று சொல்லலாம், பார்த்ததெல்லாம் விரல்கள்தான். பெட்டியில் மூன்று கோளாறு. ஒன்று பழையது, அழித்தாள். இன்னொன்று அழுத்தத்தின் அளவு, மாற்றினாள். மூன்றாவதைப் படித்து, "பொய் சொல்லுது, சென்சார்ல பனி," என்று எழுந்து போய்ச் சுரண்டிவிட்டு வந்தாள். கட்டளையைக் கொடுத்தாள். தரைக்கு அடியில் ஒரு உறுமல் கிளம்பி, என் பூட்ஸ் வழியாக முழங்கால் வரை ஏறியது. பம்ப் ஓடியது.

கடிகாரம் நேரத்தைக் குறித்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பனியும் தாடியும் மறைத்திருந்தன.

கீழே அலுவலகத்துக்குள் நுழைந்ததும் ஹீட்டர் சூடு முகத்தில் அறைந்தது. "திறங்கம்மா, அளவையெல்லாம் பாத்து எழுதிக்கறேன்," என்றார்.

அக்கா பையின் ஜிப்பை இன்னும் இறுக்கி மூடினாள். "ஒரு மணி நேரம் திறக்கக் கூடாது சார். சார்ஜும் போடக் கூடாது. குளிர்ல இருந்து வந்தது, உள்ள வேர்த்துடும்."

"மெஷின் எப்படிம்மா வேர்க்கும்?"

"உங்க கண்ணாடியைப் பாருங்க."

மூக்குக்கண்ணாடியில் வெள்ளையாக ஆவி படிந்து, நாங்களே தெரியாமல் அவர் நின்றிருந்தார். கழற்றித் துடைத்துக்கொண்டே, "சரி, ஒரு மணி நேரம்," என்றார். "அதுக்குள்ள ஃபாரம் எழுதிடலாம். பம்ப் நின்ன ஒவ்வொரு நிமிஷத்துக்கும் காரணம் வேணும். என் கணக்குல நாப்பத்தொண்ணு."

அக்கா ஒரு தாளை இழுத்துக்கொண்டு எழுதினாள். அவர் எட்டிப் பார்த்துக் கூட்டினார்.

"முப்பத்தெட்டுதான் வருது. மூணு இடிக்குதே."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஏழு தடவை அமுக்கினியா?"

"ஆறுதான்கா. வேணும்னா எண்ணிச் சொல்றேன். ஏழாவதுக்குத்தான் நீ அடிச்ச."

காய்ந்துபோன கண்ணாடியைக் கடிகாரம் மறுபடி துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"நீங்க ரெண்டு பேரும் கேபிள் பாக்கக் குனிஞ்சீங்கல்ல," என்றார். "அப்ப... சும்மா ஒரு தடவை."

அக்கா சிரிக்கவில்லை. சிரிப்பை எங்கே வைத்தாள் என்று எனக்குத் தெரியும். பிறகு வீடு வரை அதைத்தான் செலவழித்தாள். தாளைத் தன் பக்கம் திருப்பி, இன்னும் ஒரு வரி சேர்த்தாள். அவர் படித்துப் பார்த்து, 'நிரந்தரம்' என்ற கட்டத்தில் டிக் போட்டு, அடியில் கையெழுத்தும் போட்டார்.

பம்ப் நிறுத்தி, கேபிள் மாட்டி, பட்டன் போட: 4
அணைத்துப் போட்டது, தம்பி, ஆறு தடவை: 18
அணைத்துப் போட்டது, மேற்பார்வையாளர், ஒரு தடவை: 3
யாரும் தொடாமல் மெஷின் சூடேறியது: 9
கோளாறு படித்து, சரிசெய்து, ஓட்டியது: 7
ஆக மொத்தம்: 41. கணக்கு நேர்.