தள்ளிப்போட்ட கலியாணம்

மலாயா ரயில்வேயில் கிளார்க்காக இருந்த செல்வத்துரை, கலியாணம் முடிக்கவென்று லீவு எடுத்துக்கொண்டு 1940இல் ஊருக்கு வந்தான். யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய்க்காரன். பெண் கோப்பாயில், மிஷன் பெண்கள் பாடசாலை ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்த வினிபிரட். பெரியவர்கள் பேசி முற்றாக்கிய சம்பந்தம்தான். ஆனால் முதல்முறை வந்திருந்து கதைத்தபோதே இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போயிற்று.

அன்றைய கதை சுற்றிச் சுற்றி ஓர் ஆங்கில வினையில் வந்து நின்றது. இன்று வகுப்பில் என்ன படிப்பித்தீர் என்று அவன் கேட்க, "புட் ஓஃப்" என்றாள் அவள்.

"அது ஒரு வினையோ, ரெண்டோ?"

"சொல்லு ரெண்டு, வினை ஒண்டு. ஆனால் கருத்து கனக்க."

வெட்கத்தை மறந்து விளக்கத் தொடங்கிவிட்டாள். மிகப் பழைய வினை அது. அந்தக் காலத்து ஆங்கிலேயன் உடுப்பைக் கழற்றுவதையும் அப்படித்தான் சொன்னான், ஒரு காரியத்தைப் பிந்தச் செய்வதையும் அப்படித்தான் சொன்னான். பிறகு கப்பற்காரர் வாயில் அது தோணி கரையை விட்டு விலகுவதாயிற்று. இப்போது ஒரு சாப்பாட்டைக் கண்டு மனம் முறிந்தாலும் அதே சொல்தான்.

"தமிழும் அப்பிடித்தானே? கழற்றிப்போடுறம், தள்ளிப்போடுறம். அவங்கடை புட், எங்கடை போடு."

செல்வத்துரை சிரித்தான். "எங்கடை துரை என்ரை லீவை எத்தினை தரம் புட் ஓஃப் பண்ணினவர் தெரியுமே? எனக்கு அந்தக் கருத்து ஒண்டுதான் தெரியும்."

தேவாலயத்தில் கலியாண அறிவிப்பும் வாசித்தாயிற்று. கூறைச்சேலையும் எடுத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து வினிபிரட்டின் தாய் நவமணி கிணற்றடியில் விழுந்தாள். பாரிசவாதம். வலது பக்கம் முழுவதும் இழுத்துவிட்டது, வாயும் கோணிப்போயிற்று. தகப்பன் இல்லாத வீடு, தாய்க்கு ஒரே பிள்ளை.

செய்தி கேட்டு ஓடிவந்த செல்வத்துரை சொன்னான்: "போதகரைக் கூப்பிட்டு, மாமியின்ரை கட்டிலடியிலையே தாலியைக் கட்டுவம். நீர் இஞ்சை நிண்டு அவவைப் பாரும். நான் போய் உழைக்கிறன்."

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. "அம்மா ஒருவாய்த் தண்ணி குடிக்க ஏலாமல் கிடக்கேக்குள்ளை நான் கலியாணப் பொம்பிளையாய் வெளிக்கிட்டு நிக்கவோ? அவ எழும்பி நடக்கட்டும். தள்ளிப்போடுவம்."

"தள்ளிப்போடுறது மட்டும்தானே? வேறை கருத்து ஒண்டும் இல்லையே?"

"இல்லை. அது மட்டும்தான்."

அவன் கப்பலேறினான். அடுத்த வருடம் லீவு கிடைக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் யப்பான்காரன் மலாயாவில் இறங்கினான். அதோடு அவனைப் பற்றிய பேச்சுமூச்சு நின்றுபோயிற்று. வேறு சம்பந்தங்கள் வந்தன. "எனக்குக் கலியாணம் பேசி முடிஞ்சுது. தள்ளிப்போட்டிருக்கு, அவ்வளவுதான்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். நவமணிக்குப் பேச்சு ஓரளவு திரும்பியது. நடை திரும்பவில்லை.

சண்டை முடிந்த மறு வருடம், தோலும் எலும்புமான ஒருவர் படலையடியில் வந்து நின்றார். செல்வத்துரையோடு ஒரே கந்தோரில் வேலை பார்த்த கிறிஸ்துநாயகம் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார்.

"நீங்கள் மிசிஸ் செல்வத்துரைதானே?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "ஓம்" என்றுதான் அவள் வாயில் வந்தது.

உள்ளே வந்து இருந்தவர் நிலத்தைப் பார்த்தபடியே சொன்னார். ரயில் பாதை போடவென்று யப்பான்காரர் அவர்களைச் சயாம் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். மழை. தொழிலாளர் காம்பில் வாந்திபேதி. செல்வத்துரை பிழைக்கவில்லை.

"உங்களைப் பற்றிக் கதையாத நாளில்லை, அக்கா. மனிசி எங்கை எண்டு ஆரும் கேட்டால், 'மாமிக்குச் சுகமில்லை, அதுதான் ஊரிலை நிக்கிறா, சுகம் வந்தவுடனை வந்திடுவா' எண்டுவார். காம்பிலை உங்களைத் தெரியாத ஆக்கள் இல்லை."

எங்கே அடக்கம் செய்தார்கள், ஆர் செபம் சொன்னது, கடைசியில் தாகம் தாகம் என்று கேட்டாரா என்று ஒரு மனைவி கேட்கக்கூடியதெல்லாம் கேட்டாள். அவரும் மறைக்காமல் சொன்னார். தேத்தண்ணி கொடுத்து, படலைவரை போய் வழியனுப்பினாள்.

திரும்பி வரும்போது அறைக்குள்ளிருந்து குழறிய குரல் கேட்டது. "என்னாலைதான், பிள்ளை. நான் விழுந்தபடியாலைதான்."

"இல்லையம்மா" என்றாள். தாயின் கட்டிலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தி அழுதாள். அவள் விழுந்து கிடந்தது தாயின் உணர்வில்லாத பக்கம். நல்ல கையை நீட்டி நீட்டிப் பார்த்தும் நவமணிக்கு மகளின் தலை எட்டவில்லை.

அந்தக் கிழமையே வினிபிரட் போதகரிடம் போனாள். ஆராதனையில் செல்வத்துரைக்காகச் செபிக்கும்போது தன் பெயரையும் சொல்ல வேண்டும் என்று கேட்டாள்.

"சொல்லலாம் பிள்ளை. என்ன முறை சொல்லுறது?"

"மனைவி எண்டு சொல்லுங்கோ, ஐயா."

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கலியாணம் நடக்கேல்லையே, மகள்."

"தள்ளிப்போட்டது ஐயா. நான் கைவிடேல்லை. அவரும் கைவிடேல்லை."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, அவள் பெயரைக் குறித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, துயரத்தில் இருக்கும் செல்வத்துரையின் தகப்பனுக்காக, தாய்க்காக, சகோதரர்களுக்காக என்று போதகர் முறை சொல்லிச் செபித்துக்கொண்டு வந்தார். கடைசியில் கொஞ்சம் தயங்கி, "வினிபிரட்டுக்காகவும்" என்றார். முறை ஒன்றும் சொல்லவில்லை. முன்வரிசை வாங்கில் இரண்டொரு தலை திரும்பிப் பார்த்தது. பிறகு ஞானப்பாட்டுக்குச் சபை முழுவதும் எழும்பி நின்றது. வினிபிரட்டால் மட்டும் எழும்ப முடியவில்லை.