ஆற்றுக்குத் தெற்கே ஓர் அணி

1995ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் செல்வமலர் லண்டன் உள்ளூராட்சிக் கவுன்சில் வேலையை விட்டாள். க்ரொய்டன் பக்கம் ஒரு விளையாட்டு மண்டபத்துக்குப் பொறுப்பாளராக இருந்தவள். நீச்சல்குளம், பாட்மின்டன் வலைகள், வயதானவர்களின் நடன வகுப்பு என்று எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டு பென்ஷன் வரைக்கும் அசையாமல் இருந்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, அதே மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்த ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து அணியில் போய்ச் சேர்ந்தாள். ஆட்டம் பார்க்க ஆட்களைக் கூட்டிவருவதுதான் அங்கே அவளுடைய வேலை.

அணியின் பெயர் சவுத் லண்டன் ஹெரன்ஸ். சட்டையில் ஒற்றைக்காலில் நிற்கும் நாரை. லண்டனுக்கு ஏற்கெனவே ஓர் அணி இருந்தது. அது ஆற்றுக்கு வடக்கே, பெரிய அரங்கில் விளையாடியது. அந்த அரங்கே பாதி காலியாகத்தான் கிடந்தது. அப்படியிருக்க இரண்டாவது அணி எதற்கு என்று பத்திரிகைகள் கேட்டன. செல்வமலரின் கணவன் யோகலிங்கமும் கேட்டான். அவன் தோர்ண்டன் ஹீத் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவன்.

“உமக்கென்ன விசரே? இது புட்போல் பாக்கிற சனம். ஒரு பாஸ்கெட்போல் டீமுக்கே ஆக்கள் இல்லை. ரெண்டாவதுக்கு ஆர் வருவினம்?”

“வருவினமோ எண்டு பாக்கத்தான் என்னை எடுத்திருக்கினம்.”

“வராட்டி?”

“வராட்டி எனக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.”

யாழ்ப்பாணத்தில் பாடசாலைக் கூடைப்பந்து அணிக்கு அவள் விளையாடியவள். லண்டனுக்கு வந்து பதினோரு வருடத்தில் பந்துக்குக் காற்றடித்ததோடு சரி. தொழிலாகவே அந்த விளையாட்டோடு இருக்க ஒரு வாய்ப்பு வந்தபோது அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. இதை யோகலிங்கத்திடம் அவள் விளக்கவில்லை. விளக்கினாலும் அவனுக்குப் பிடிபட்டிருக்காது என்று நினைத்தாள்.

முதல் மாதங்கள் மோசமாக இருந்தன. ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது மேல் வரிசை வரை தெளிவாகக் கேட்டது. அவ்வளவு வெறுமை. வந்தவர்களும் குளிருக்காக ஒதுங்கியவர்கள் போல, பாதி ஆட்டத்தில் எழுந்து போனார்கள். ஜனவரியில், போட்டித்தொடரை நடத்தும் லீக்கிலிருந்து செய்தி வந்தது. மார்ச் மாதக் கூட்டத்தில் எல்லா அணிகளும் வாக்களிக்கும். லண்டனால் இரண்டு அணிகளைத் தாங்க முடியாது என்று முடிவானால் ஹெரன்ஸுக்கு அடுத்த பருவம் கிடையாது.

அணியின் நிதிப் பொறுப்பில் இருந்தவர் பாலசுப்பிரமணியன். மதுரைக்காரர், மரியாதையானவர். செல்வமலரை அவர் மேடம் என்பார். அவள் அவரை அண்ணை என்பாள்.

“நான் பாத்துட்டேன் மேடம். இருக்கிற ரசிகர்கள் கொஞ்சம் பேர். அதை ரெண்டாப் பிரிச்சா ரெண்டு டீமும் படுத்துடும். லீக் சொல்றதுல தப்பே இல்ல.”

செல்வமலர் அதை அப்படியே விட்டுவிடவில்லை. அடுத்த ஞாயிறு வாசலில் நின்று, வந்த ஒவ்வொருவரிடமும் பேச்சுக் கொடுத்தாள். வடக்கு அணியின் ஆட்டம் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டாள். ஏறக்குறைய ஒருவரும் பார்த்ததில்லை. ஜமெய்க்காவைச் சேர்ந்த ஓர் ஆஸ்பத்திரித் தாதி, பிள்ளைகளோடு வந்தவள், சிரித்தே விட்டாள். “ஆற்றைத் தாண்டியா? ஞாயிற்றுக்கிழமை ரயிலை நம்பியா?” என்றாள்.

செல்வமலர் மறுநாள் காலை நேரே பாலசுப்பிரமணியனிடம் போனாள்.

“அண்ணை, நீங்கள் ஒரு சனத்தை ரெண்டாப் பிரிச்சுப் பாக்கிறியள். இது வேற சனம். எங்களுக்கு வராட்டி இவை அங்கையும் போகமாட்டினம். வீட்டிலதான் இருப்பினம்.”

“சரி, இருக்கட்டும். அந்த வேற சனம் எங்க மேடம்? சீட்டு காலியாத்தானே கிடக்கு?”

“அவைக்கு எங்களை இன்னும் தெரியாது.”

பிப்ரவரி கடைசியில் வடக்கு அணி தெற்கே வந்து விளையாட வேண்டியிருந்தது. செல்வமலர் அந்த ஓர் ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். தேவாலயங்கள், முடிதிருத்தும் கடைகள், பாடசாலைகள், பக்கத்து ஊரான சட்டனில் சனிக்கிழமை நடக்கும் தமிழ் வகுப்பு என்று ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் ஒரே வசனம்தான்: வடக்குக்காரர் வருகிறார்கள், சும்மா விடப்போகிறோமா? கூடைப்பந்து தெரியாதவர்களுக்கும் அது உடனே விளங்கியது.

யோகலிங்கம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டத்துக்கு முந்திய வாரம் அவள் ரயிலுக்காக நிலையத்துக்குள் நுழைந்தபோது, தாமதமான ரயில்களை எழுதும் வெள்ளைப் பலகையில் அவனுடைய சரிந்த கையெழுத்தில் ஆட்டத்தின் நாளும் நேரமும் இருந்தன.

“சுப்பர்வைசர் ஏசமாட்டாரே?” என்று கேட்டாள்.

“அவரும் வாறாராம்” என்றான்.

அந்த ஞாயிறு மதியம் மண்டபத்துக்கு வெளியே வரிசை நின்றது. செல்வமலர் அதைக் கண்ணாடிக் கதவின் உள்ளிருந்து பார்த்தாள். தாதி தன் வார்டிலிருந்தே ஒரு கூட்டத்தைக் கூட்டிவந்திருந்தாள். ஆட்டம் தொடங்கியபோது மண்டபத்தில் இடமில்லை. ஹெரன்ஸும் அன்றைக்கென்று நன்றாக விளையாடினார்கள். இடைவேளைக்குச் சற்று முன், அவர்களுடைய நெட்டை அமெரிக்க ஆட்டக்காரன் எகிறிப் பந்தை வளையத்துக்குள் அடித்துத் தொங்கினான். கூடைக்குப் பின்னாலிருந்த கண்ணாடிப் பலகை வெடித்து, முழுதும் பொடியாகக் கீழே கொட்டியது.

ஒருவருக்கும் காயமில்லை. கூட்டம் முதலில் ஆர்ப்பரித்தது; பிறகு மெல்ல அடங்கியது. மண்டபத்தில் உதிரிப் பலகை கிடையாது என்பது செல்வமலருக்குத் தெரியும். நடுவர் அவளையும் பாலசுப்பிரமணியனையும் ஓரமாக அழைத்தார். இரண்டு மணி நேரம் தருவதாகவும், அதற்குள் ஆடமுடியாவிட்டால் ஆட்டத்தை வடக்கு அணிக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

பாலசுப்பிரமணியன் வெளிறிப்போனார். “முடிஞ்சுது மேடம். மண்டபத்துல ஒரு பலகை கூட இல்லாத டீம்னு மீட்டிங்ல சொல்லுவாங்க.”

வடக்கு அணியின் மேலாளர் கத்தரின் பக்கத்தில்தான் நின்றாள். ஐம்பது வயது, குட்டையான வெள்ளைக்காரப் பெண். சும்மா நின்றாலே அவளுக்கு வெற்றி. இரண்டாவது அணியின் தொல்லையும் அத்தோடு தீரும். செல்வமலர் அவளிடம் கேட்டாள், “உங்களிடம் உதிரிப் பலகை இருக்கிறதா?”

கத்தரின் நிரம்பிய வரிசைகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். “இருக்கிறது. தொலைபேசி எங்கே?” என்றாள்.

வடக்கிலிருந்து பலகையை ஏற்றிக்கொண்டு ஒரு வான் புறப்பட்டது. இனி ஆட்களைப் போகாமல் வைத்திருக்க வேண்டும். செல்வமலர் ஒலிவாங்கியை எடுத்து நடந்ததை உள்ளபடி சொன்னாள்: பலகை ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, நேரமாகும், போக விரும்புகிறவர்களுக்கு டிக்கெட் காசு திரும்பக் கிடைக்கும். சொல்லி முடித்தபோது வாசல் பக்கம் சிலர் எழுந்தார்கள்.

மற்ற முனையிலிருந்த நல்ல கூடை அவள் கண்ணில் பட்டது. “அதுவரைக்கும் அந்தக் கூடை சும்மா இருக்கிறது. எறிந்து பார்க்க விரும்புகிறவர்கள் இறங்கி வரலாம்” என்றாள்.

முதலில் தாதியின் பிள்ளைகள் இறங்கினார்கள். பிறகு தாதி. பிறகு மண்டபத்தின் பாதி. ஹெரன்ஸ் ஆட்டக்காரர்களும் வடக்கு ஆட்டக்காரர்களும் பந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். தோர்ண்டன் ஹீத் ஸ்டேசன் சுப்பர்வைசர் எறிந்த பந்து வளையத்துக்கு எட்டவேயில்லை, அதற்கும் கைதட்டல். யோகலிங்கத்தை யாரோ கூடைக்கு முன்னால் தள்ளிவிட்டார்கள். அவன் எறிந்தது சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

“நீர் எறியும் பாப்பம்” என்று பந்தை மனைவியிடம் நீட்டினான்.

செல்வமலர் கால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு எறியும் கோட்டில் நின்றாள். முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. இரண்டாவது உள்ளே விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. நான்காவதை அவள் வளையத்தைப் பார்க்காமல் யோகலிங்கத்தைப் பார்த்துக்கொண்டே எறிந்தாள். அதுவும் விழுந்தது.

“இதையேன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?” என்றான் அவன்.

“கேட்டனீங்களே?”

வான் வந்து சேர்ந்தது. நடுவரின் கெடு முடிய இன்னும் நேரமிருந்தது. பலகையைப் பூட்டும்வரை கூட்டம் நின்றுகொண்டே பாட்டுப் பாடியது. வீட்டுக்குப் போனவர்கள் மிகச் சிலரே. ஹெரன்ஸ் கடைசி நிமிடத்தில் இரண்டு புள்ளிகளால் தோற்றார்கள். அதைப்பற்றி அன்றைக்கு யாரும் பெரிதாக வருந்தியதாகத் தெரியவில்லை.

மார்ச் தொடக்கத்தில் மறு ஆட்டம் வடக்கே நடந்தது. ஆற்றைத் தாண்டமாட்டோம் என்றவர்கள் மூன்று பஸ்களில் போனார்கள். வடக்கு ரசிகர்களும் இவர்களைக் கத்தித் தோற்கடிக்கவென்றே திரண்டிருந்தார்கள். அந்தப் பருவத்தில் முதல் தடவையாக அந்தப் பெரிய அரங்கு நிரம்பியது.

வாக்கெடுப்புக்குப் பாலசுப்பிரமணியன் பர்மிங்காம் போனார். அன்றைக்குச் செல்வமலர் அலுவலகத்தில் எந்த வேலையும் செய்யவில்லை. தேநீர் போட்டாள், ஆறவிட்டாள், மறுபடி போட்டாள். கவுன்சிலில் தன் பழைய இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது நினைவுக்கு வந்துகொண்டேயிருந்தது. மத்தியானம் தாண்டித் தொலைபேசி அடித்தது.

“மேடம், உக்காந்திருக்கீங்களா?”

“சொல்லுங்கோ அண்ணை.”

“மூணு வருஷம் குடுத்துட்டாங்க. மண்டபத்தைக் கொஞ்சம் பெரிசு பண்ணணுமாம், அது ஒரு தலைவலி. பரவாயில்ல, பாத்துக்கலாம். நம்ம பக்கம் முதல்ல எழுந்து பேசினது யார் தெரியுமா? கத்தரின்.”

“அவவோ? என்ன சொன்னவ?”

“அவங்க ஆளுங்களுக்கு லண்டனுக்குள்ளேயே வம்பு பேச ஒரு எதிரி கிடைச்சிருக்காம். இவ்வளவு நாளும் அது இல்லாமத்தான் சீட்டு காலியா இருந்துச்சாம். ரெண்டு டீம் இருந்தாத்தான் ஒண்ணாவது பொழைக்கும்னாங்க.” சற்று நிறுத்தினார். “நான் கணக்குல இதைச் சேக்கவே இல்ல மேடம்.”

அவள் ரிசீவரை வைத்தாள். இத்தனை மாதம் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள் என்பது தோள் இறங்கியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு தோர்ண்டன் ஹீத் நிலையத்துக்குப் போனாள். யோகலிங்கத்தின் ஜன்னலுக்கு முன் நாலைந்து பேர் நின்றார்கள். அவளும் வரிசையில் நின்று, முறை வந்ததும் குனிந்தாள்.

“மூண்டு வருசம்” என்றாள்.

அவன் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை மூடித் திறந்தான். “அப்பாடா. நான் ராத்திரியெல்லாம் நித்திரை இல்லாமல் கிடந்தனான்.”

“நீங்களோ? குறட்டை விட்டீங்கள்.”

“அது உமக்காக விட்டது. நானும் முழிச்சிருக்கிறன் எண்டு தெரிஞ்சால் நீர் பயந்துபோயிருப்பீர்.”

பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். செல்வமலர் சிரித்துக்கொண்டே விலகினாள்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் மேல்தட்டுக்கு ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தாள். ஜன்னலில் தலையைச் சாய்த்ததுதான் தெரியும். வீட்டுக்கு நோர்பரியில் இறங்க வேண்டியவள், ஸ்ட்ரெத்தமும் தாண்டி, பிரிக்ஸ்டன் சந்தையின் சத்தத்தில்தான் கண் விழித்தாள். அவசரம் ஒன்றுமில்லை. இறங்கி, நல்ல மாம்பழமாக நாலு பொறுக்கி வாங்கிக்கொண்டு, எதிர்ப்பக்கம் போய் அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நின்றாள்.