கூடையில் போன பெட்டரி

என் வீட்டுக்காரர் இராமையா ரோபோ செய்கிறார் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நானும் முதலில் நம்பவில்லை. சப்பாத்துப் பெட்டி அளவில் ஒரு தகரத் தட்டு, இரண்டு சக்கரம், சக்கரத்துக்கு ஒரு மோட்டர், நடுவே பச்சை நிறத்தில் ஒரு சின்னப் பலகை. அந்தப் பலகைதான் அதற்கு மூளையாம். தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பைப் பார்த்துக்கொண்டே அதன்மேல் போகுமாம். "பரவாயில்ல, அதுக்காவது ஒரு மூள வச்சீங்களே" என்றேன்.

விளையாட்டுக்குச் செய்ய ஆரம்பித்ததுதான். ஆனால் எங்கள் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் எலெக்ட்ரீஷியன் ஓய்வு பெற்றதும் விளையாட்டு வினையானது. பதினொரு வருடமாகக் கொழுந்து வாட்டும் மாடியில் நிற்கிற மனுசன், அந்த வேலையை இதற்கு முன் இரண்டு தடவை கேட்டு, சர்டிபிகேட் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர். இந்தத் தடவை ஃபெக்டரியை நடத்துகிற டீமேக்கர் விமலசேன மாத்தையா, "கடதாசி வேணாம். நீயே செஞ்ச சாமான் ஒண்ண சனிக்கிழம கொண்டுவந்து ஓட்டிக்காட்டு" என்று சொல்லிவிட்டார். "இதுலயும் இல்லன்னா இனி ஜென்மத்துக்கும் கேக்க மாட்டேன் புள்ள" என்று இவர் என்னிடம் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் முகம் இருந்த விதம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

ரோபோவுக்குத் தீனி போடுவதுதான் பெரிய பாடாக இருந்தது. முதலில் சதுரமாக ஒரு சின்ன பெட்டரி மாட்டினார். மோட்டர் முனகியது, நகரவில்லை. உடனே தெரணியகலைக்குப் போய், டயர் இல்லாமல் கிடந்த கபூர் நானாவின் த்ரீவீலரிலிருந்து பெட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். ரோபோவைவிடப் பெட்டரி பாரம். தட்டில் வைத்தால் சக்கரம் இரண்டும் படுத்துவிடும்.

"இத எங்கங்க வைக்கிறது?"

மனுசன் என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய என் கொழுந்துக்கூடையைப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை ஃபெக்டரிக்குள் நாங்கள் நுழைந்த கோலத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. முன்னால், இவர் தரையில் ஒட்டிவைத்த டேப் மேல் தேத்தண்ணீர்க் கோப்பையோடு ரோபோ, அதிலிருந்து இரண்டு முழ வயர், வயரின் முடிவில் தலைக்கயிறு போட்டுக் கூடையில் பெட்டரியைச் சுமந்துகொண்டு நான். இலை சலிக்கிற பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். "என்னா பரிமளம், நாய்க்குட்டி எப்ப வாங்குன?" என்றாள் ஒருத்தி. "ஒன் புருசனவிட நல்லாத்தான் சொன்ன பேச்சு கேக்குது" என்றேன்.

டீமேக்கர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அடே இராமையா, தேத்தண்ணிக் கோப்பைய ரோபோ தூக்குது, ரோபோவோட பெட்டரிய ஒன் பொஞ்சாதி தூக்குறா. அப்ப அவகிட்டயே கோப்பையக் குடுத்தா முடிஞ்சிச்சே!" பிறகு சிரிப்பை நிறுத்தி, "தன்னோட சாப்பாட்ட அதுவே தூக்கணும். பகல் சங்கு ஊதுற வரைக்கும் டைம் தாறேன். ஹரித?" என்றார்.

சரியா என்று அவர் கேட்டதற்கு இவர் தலையை ஆட்டினார்.

வாசல் படியில் உட்கார்ந்தோம். மணிக்கூட்டுக்குப் போடுகிற சின்ன பெட்டரி எட்டை வரிசையாக இணைத்துத் தட்டில் கட்டினார். சுவிட்சைப் போட்டார். பலகையில் சிவப்பு லைட் எரிந்தது, சக்கரம் ஒரு இழுப்பு இழுத்தது, லைட் அணைந்தது. மறுபடி எரிந்தது, இழுத்தது, அணைந்தது.

"என்னங்க, விக்கல் எடுக்குதா?"

"வயரு எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஏன்னு வெளங்கல." மறுபடி மறுபடி சுவிட்சைப் போட்டார். எனக்கு அப்போது கேலி வரவில்லை, பயம்தான் வந்தது. அந்த லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது.

"ஏங்க, இது நம்ம லயத்து வீடுகள்ல தெனமும் நடக்குறதுதானே! கடைசி வீட்டுல அயன போட்டா நம்ம வீட்டு பல்பு மயங்குதே. சக்கரம் கெளம்புறப்போ எல்லாத்தையும் அதுவே இழுத்துக்குது. மூளைக்குப் பத்தல. மூளைக்குத் தனியா ஒரு கனெக்சன் குடுங்க."

அவர் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார். நான் கைப்பையிலிருந்து என் போனுக்குச் சார்ஜ் போடுகிற பவர்பேங்கை எடுத்து நீட்டினேன். எட்டு பெட்டரியும் மோட்டருக்கு, பவர்பேங்க் பலகைக்கு என்று பிரித்தார். சிவப்பு லைட் அசையாமல் எரிந்தது. எனக்கு அப்படி ஒரு பெருமை.

ஆனால் சக்கரம் அசையவே இல்லை. சரிதான், இருந்த விக்கலையும் நான் நிறுத்திவிட்டேன், இனி பாடைதான் கட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். ஒரு துண்டு வயரை எடுத்துப் பல்லால் உரித்து, பலகையின் மைனஸையும் பெட்டரிகளின் மைனஸையும் சேர்த்து முறுக்கினார். "கரண்டு தனித்தனியா வரலாம் புள்ள. ஆனா இந்தப் பக்கம் ஒண்ணா இருக்கணும். இல்லாட்டி மூள சொல்றது மோட்டருக்குக் கேக்காது."

ரோபோ கிளம்பியது.

சங்குக்குக் கொஞ்ச நேரம் முன்னால், ஒரு கோப்பைத் தேத்தண்ணீரைச் சுமந்துகொண்டு, கறுப்பு டேப் மேலேயே போய் டீமேக்கரின் மேசையருகே நின்றது. ஒரு சொட்டுத்தான் சிந்தியது. டீமேக்கர் குனிந்து தட்டைத் திருப்பிப் பார்த்தார். "காலையில இப்பிடி இல்லியே. மூளைக்கு வேற, மோட்டருக்கு வேற. கெட்டிக்கார வேல. யாரு யோசன?"

என் யோசனைதான் என்று இவர் சொல்லப்போகிறார் என்று இருந்தேன். சொல்லட்டும் என்றுதான் இருந்தேன்.

"இவதாங்க மாத்தையா. எனக்கு ஒண்ணும் வெளங்கலங்க. இவ இல்லாட்டி ஓடியிருக்காது."

எனக்கு வந்ததே ஆத்திரம்! கைக்கு வந்த வேலையை இப்படியா ஒரு மனுசன் தட்டிவிடுவான்? டீமேக்கர் முன்னால் நிற்கிறோம் என்பதே மறந்துபோனது.

"மாத்தையா, இந்த மனுசன் சொல்றத நம்பாதீங்க! நான் வாயாலதான் சொன்னேன். ஒவ்வொரு வயரையும் ஒட்டுனது இவரு. நான் சொன்னபடி செஞ்சதும் அது செத்துக் கெடந்திச்சு, மைனஸ சேத்து உசுரு குடுத்தது இவரு. பதினோரு வருசமா மாடியில நிக்கிறாரே, அங்க ஃபேன் நின்னா யாரு பாக்குறது? இவருதான். அதுக்கு ஒரு கடதாசி யாரு குடுத்தா?"

மூச்சு வாங்கியது. ஃபெக்டரியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வீட்டுலயும் புருசனப் பத்தி இப்பிடித்தான் பேசுவியா?" என்று கேட்டார் டீமேக்கர்.

"இல்லீங்க. வீட்டுல ஏசுவேன்."

அவர் சிரிக்காமல் புத்தகத்தை இழுத்து ஏதோ எழுதினார். "திங்கக்கிழம ஏழு மணிக்கு எலெக்ட்ரீஷியன் வேலைக்கு மோட்டர் ரூமுக்கு வா இராமையா. மாடியில வேற ஆளப் போடுறேன்."

லயத்துக்கு ஏறுகிற பாதையில் பாதி தூரம் வந்ததும் இவர் நின்றார்.

"கல்யாணம் கட்டி இத்தன வருசத்துல நீ என்னய நல்லா சொல்லி நான் கேட்டதே இல்ல பரிமளம்."

பதிலுக்கு நாக்கு நுனியில் நல்ல நக்கல் ஒன்று தயாராக இருந்தது. விழுங்கிவிட்டேன். "நீங்க கெட்டிக்காரருதாங்க" என்றேன்.

மனுசன் நடுப்பாதையில் நின்று அழுதார். ஆட்கள் வருகிறார்களே என்று முந்தானையை நீட்டினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்கா சொல்லு" என்றார்.

சொன்னேன்.