தவக்காலத்தில் விட்ட ஊசி

பிறின்சி பிறிஜ்ஜைத் திறந்தது குடிக்கத் தண்ணி எடுக்கத்தான். கதவுத் தட்டில் அம்மாவின் இன்சுலின் குப்பிகள் மூன்று நின்றன. மாசி மாதம் கிளினிக்கில் கொடுத்தவை. பங்குனியும் முடியப்போகிறது, ஒன்றிலாவது ஊசி பட்ட அடையாளம் இல்லை.

"அப்பா, அம்மா ஊசி போடுறவாவோ இல்லையோ?"

முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த பஸ்தியாம்பிள்ளை தலையை நிமிர்த்தவேயில்லை. "அவா தானேயெல்லோ தனக்குப் போடுறவா. கடலுக்குப் போற மனிசனுக்கு என்ன தெரியும்?"

நல்ல மனிசன் போங்கோ! ஆழக்கடலில் மீன் நிற்கிற இடம் தெரியும், வீட்டுக்குள் பெண்சாதி சருகாகிக் கிடக்கிறது தெரியாது.

யூலிற்றா அறைக்குள் சுருண்டு கிடந்தா. உதடு வெடித்திருந்தது, பக்கத்தில் தண்ணிக் கூசா காலி. பிறின்சி அவவின் விரலைக் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தை மெசினில் வைத்தாள். எண் விழவில்லை. அளவுக்கு மேலே போய்விட்டது என்று மட்டும் காட்டியது. புதுக்குடியிருப்பு ரியூசனில் உயிரியல் படிப்பிக்கிறவள் அவள். போன கிழமைதான் நாற்பது பிள்ளைகளுக்கு இன்சுலின் என்ன செய்யும் என்று படம் கீறிக் காட்டினாள். சொந்த வீட்டில் நடந்த கூத்து இது.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாட்டில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. சீனி ஐந்நூற்றெண்பது. டொக்டர் பிள்ளை இன்சுலினோடு வர, யூலிற்றா கையை இழுத்துக்கொண்டா.

"வேண்டாம். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் ஊசி போடமாட்டன். மாதாவுக்கு நேந்திட்டன்."

பிறின்சிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "என்னம்மா விசர்க்கதை கதைக்கிறியள்?"

"தவக்காலம் தொடங்கின விபூதிப் புதனண்டு பாதர் பிரசங்கத்திலை சொன்னவர். விடக் கஷ்டமானதை விட்டு ஒறுத்தல் செய்யுங்கோ எண்டு. மீன் மச்சம் எல்லா வருசமும்தான் விடுறன், அதொரு ஒறுத்தலோ? என்ரை உயிரைப் பிடிச்சு வைச்சிருக்கிறது அந்த ஊசி. அதைத்தான் குடுத்தனான்."

"என்னத்துக்கு?"

"உனக்காகத்தான். நீ திரும்பச் செபிக்கவேணும் எண்டு."

படிக்கக் கம்பஸ் போனதிலிருந்து ஏழு வருசம் பிறின்சி கோயில் படி மிதிக்கவில்லை. ஒருநாள் மீன்குழம்புக் கோப்பையோடு இருந்து, எங்கடை கைகாலெல்லாம் மீனின் செட்டையிலிருந்துதான் வந்தது என்று விளக்கம் வேறு வைத்தாள். "அப்ப நான் சொந்தக்காரரையோ பிடிச்சு விக்கிறன்?" என்று அப்பா வயிறு நோகச் சிரித்தார். அம்மா குசினிக்குள் போய் அழுதா. அந்த அழுகை இங்கே வந்து நிற்கும் என்று எவள் கண்டாள்?

கெஞ்சினாள், கத்தினாள், காலைப் பிடித்தாள். பாதருக்குப் போன் எடுத்தாள். "ஐயோ பிள்ளை, நான் ரீவி நாடகத்தையும் குடியையும் நினைச்செல்லோ சொன்னனான்!" என்று அந்த மனிசன் பதறினார். போனை அம்மாவின் காதில் வைத்தாள். "யூலிற்றா அக்கா, அந்த நேர்த்தியிலையிருந்து நான் உங்களை விடுவிக்கிறன்" என்றார்.

"பாதர், நான் உங்களுக்கு நேரேல்லையே" என்றா யூலிற்றா.

அவ்வளவுதான். யூலிற்றாவின் கண் செருகத் தொடங்கியது. இனியும் பிந்தினால் கஷ்டம் என்றாள் டொக்டர்.

பிறின்சியின் முழங்கால் தானாக மடிந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாதாவின் அருள் நிறைந்த மந்திரத்தைத் தொடங்கினாள். நடிக்கவில்லை. பயத்தில் வேறொன்றும் வாயில் வரவில்லை. பாதியில் சொல் மறந்து தடக்கி நின்றாள். கண்ணைத் திறக்காமலே, வெடித்த உதட்டால் அம்மா அடுத்த சொல்லை எடுத்துக்கொடுத்தா. பிறகு கையை நீட்டினா.

"மாதா கேட்டுட்டா. இனிப் போடுங்கோ."

மூன்றாம் நாள் சீனி இருநூறுக்கு இறங்கிவிட்டது. யூலிற்றா தலையணையில் சாய்ந்திருந்து, வந்த ஆள் போன ஆள் எல்லோருக்கும் தன் நேர்த்திக் கதையை முந்தின நாள் தொட்டே சொல்லிக்கொண்டிருந்தா. ஊசியை விட்டேன், பிள்ளை திரும்பி வந்தாள், சுகமும் வந்தது. அவவை அப்படிச் சந்தோசமாகப் பார்த்து எத்தனை வருசம்! பிறின்சி அதைத் திருத்தப் போகவில்லை.

பக்கத்துக் கட்டிலில் தண்ணீரூற்றிலிருந்து வந்த கமலாசனி. அவவுக்கும் சீனி வருத்தம்தான். "அக்கா, அது எந்த மாதா?" என்று கேட்டா. "என்ரை பெடியன் குடியை விடவேணும். நாங்கள் சைவம், பரவாயில்லையோ?"

பிறின்சி பாய்ந்துபோய்க் கமலாசனியின் தலையணையைத் தூக்கினாள். கடதாசிச் சுருள் ஒன்றல்ல, நாலு. இரண்டு நாளாய் நேர்ஸ் கொடுத்த குளிசைகள் அத்தனையும் அதற்குள் இருந்தன.

"நேற்றே நேந்திட்டன் பிள்ளை" என்றா கமலாசனி மெல்ல.

பிறின்சி அம்மாவைப் பார்த்தாள். அந்தச் சிரித்த முகத்தை உடைக்கவேணுமே என்று நெஞ்சு வலித்தது. வலித்தாலும் சொன்னாள்.

"அம்மா, அண்டைக்கு நான் என்ன கேட்டனான் தெரியுமோ? நீங்கள் கையை நீட்டவேணும், அந்த ஊசி வேலை செய்யவேணும். அதைத்தான் மாதாவிட்டைக் கேட்டனான். ஊசியில்லாமல் சுகமாக்கித் தா எண்டு கேக்கேல்லை."

யூலிற்றாவின் முகம் வாடிப்போனது. "அப்ப நீ மெய்யாச் செபிக்கேல்லையோ?"

"மெய்யாத்தான் செபிச்சனான். அதுதான் சொல்லுறன்."

யூலிற்றா அந்த நாலு சுருளையும் பார்த்தா. பிறகு கமலாசனியின் வறண்ட உதட்டைப் பார்த்தா.

"ஐயோ மாதாவே, நான் என்ன செய்துபோட்டன்!"

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னம் நேர்ஸ் ஊசித் தட்டத்தோடு வந்தாள். வாட்டின் மற்ற மூலையிலிருந்துதான் தொடங்கப் பார்த்தாள். யூலிற்றா சேலைன் கையோடே எழும்பி உட்கார்ந்து சட்டையை உயர்த்தி வயிற்றைக் காட்டினா. வாட் முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதழுது சொன்னா:

"எனக்கு முதல் போடுங்கோ மிஸ். எல்லாரும் பாக்கட்டும்."