கொனாமா நடாத கன்றுகள்

"அத்தை, வெளியே வா!"

வாசலில் ஒபெங் கத்திய கத்தலில் கோழிகள் சிதறின. அவன் கையில் வெட்டுக்கத்தி. உரலில் கிழங்கு இடித்துக்கொண்டிருந்த கொனாமா உலக்கையைக் கீழே வைக்கவில்லை.

"என் நிலத்துல முந்திரி நட்டிருக்கியாமே?"

அவளும் புருஷனும் சேர்ந்து வளர்த்த தோப்பு அது. அவர் கண்ணை மூடியதும், மருமக்கள் வழி முறைப்படி, ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றாத அவருடைய அக்காள் மகன் ஒபெங்குக்குப் போனது. பெரிய மனது பண்ணி, ஓரத்துப் பொட்டலில் வேர்க்கடலை மட்டும் போட்டுக்கொள்ள அவளை விட்டிருந்தான். மரம் நட்டவருக்கே இடம் என்பது ஊர் வழக்கம். அதனால் பெண் மரம் நடக் கூடாது என்பதும் ஊர் வழக்கம். என்ன பொருத்தம் பாருங்கள்!

"நான் எங்கே நட்டேன், மருமகனே? நடந்தேன். நடந்துகிட்டே பழம் தின்னேன், கொட்டையைக் கீழே போட்டேன்."

"நூல் பிடிச்ச மாதிரி நாலு வரிசையாவா?"

"நான் நேரா நடக்கிற பொம்பளை."

தெருப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"எல்லாத்தையும் பிடுங்கி எறியறேன் பார்!"

தண்டோராக்காரர் அசாரே குறுக்கே வந்தார். "தம்பி, கத்தியை இறக்கு. முந்திரிக் கன்னைப் பிடுங்கினா ரெண்டு ஆடு அபராதம். போன வாரம் நீதானே என்னைத் தொண்டை கிழியக் கூவ வெச்சே?"

உண்மைதான். ஒபெங் முந்திரி விவசாயிகள் சங்கச் செயலாளன். "பச்சைக் கொட்டையைக் கப்பலேத்திட்டு, வறுத்த பருப்பை நாமளே காசு கொடுத்து வாங்கறோம்! விளைச்சலைப் பெருக்குவோம், ஆலை கட்டுவோம்! ஒவ்வொரு கன்னும் கானாவோட சொத்து!" என்று முழங்கி, ஊர்த்தலைவரிடம் அந்த உத்தரவை வாங்கியவன் அவனே.

வழக்கு, ஊரார் 'நானா' என்று மரியாதையாக அழைக்கும் தலைவரிடம் போனது. தெருவே பின்னால் போனது.

"நானா, ஒவ்வொரு கொட்டையும் காம்புப் பக்கம் மேலே பார்க்க, குழியில விழுந்திருக்கு!" என்று ஒபெங் முறையிட்டான்.

கிழத் தலைவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்ப உன் அத்தை நட்டாங்கறியா? நட்டான்னா இடம் அவளுக்கு. நடலைன்னா கன்னு நாட்டுக்கு, கைவைக்க முடியாது. யோசிச்சுச் சொல்லு."

ஒபெங் கத்தியைத் தரையில் வைத்தான். "நடலை, நானா."

"கொனாமா, நீ?"

முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அந்தத் தோப்புக்குக் குழி வெட்டிய நாட்கள் அவள் நினைவுக்கு வந்தன. நான்தான் நட்டேன், அதையும் இதையும் நானே நட்டேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் மரம் நட்டேன் என்று பெண் வாய்விட்டுச் சொன்னால் வழக்கத்தை மீறிய குற்றமாகிவிடும்.

"நடலை, நானா."

"அப்ப தானா முளைச்சது. கடலைக்குக் களை எடுக்கிறவ பழத்தைப் பறிச்சுக்கட்டும்."

மறுநாள் காலை ஊரின் வேர்க்கடலை நிலங்களில் எல்லாம் பெண்கள் முந்திரிப் பழம் தின்றுகொண்டே நடந்தார்கள். பன்னிரண்டு எட்டுக்கு ஒருமுறை குனிந்தார்கள். சாறு முழங்கை வரை வழிந்தது. சிரிப்புச் சத்தம் ஒபெங் வீடு வரைக்கும் கேட்டது.

எல்லாரும் நடந்தார்கள். ஒருத்தியும் நடவில்லை.