துவக்குக்குப் பேதி

மேரிகிறேசுக்கு வைராக்கியம் வந்தால் வீட்டில் மூன்று நாளைக்கு நிம்மதி கிடையாது. இது அவளுடைய கணவன் அந்தோனிதாசனுக்குக் கல்யாணமான முதல் கிழமையிலேயே தெரிந்துபோன விஷயம். ஆனால் இந்த முறை வந்த வைராக்கியம் ஆறு கிழமையாகியும் இறங்கவில்லை. காரணம், டென்மார்க்கில் ஹேர்னிங் நகரத்துக்கு வெளியே இருக்கிற துப்பாக்கிச் சூட்டுக் கழகத்தின் தலைவர் ப்ரெபென் சொன்ன ஒரு வார்த்தை.

"மேரி, உன் மணிக்கட்டுக்கு இது சரிவராது. கதிரையில் இருந்தபடி சுடுகிற சின்னத் துவக்குப் பிரிவு ஒன்று இருக்கிறது. அங்கே போயேன்."

அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னதுதான் அவளுக்குச் சுட்டது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பாள்.

அந்தக் கழகத்தில் சுடுவது பழங்காலத்துத் துவக்குகளால். ஒவ்வொரு வெடிக்கும் குழல் வாயால் கருமருந்தைக் கொட்டி, கொழுப்புப் பூசிய ஈயச் சன்னத்தை வைத்து, நீளக் கம்பியால் அடிவரை தள்ள வேண்டும். அரை மணி நேரத்தில் பதின்மூன்று வெடி. அதில் நல்ல பத்துக்குத்தான் புள்ளி. மேரிகிறேசின் கண்ணில் ஒருவரும் குறை சொன்னதில்லை. குறை கையில். திரைச்சீலைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் துணி இழுத்து இழுத்து, வலது மணிக்கட்டு இரண்டு தரம் வெட்டித் தைத்த மணிக்கட்டு. நாலு வெடி போனதும் குழலுக்குள் கரி பிடித்துச் சன்னம் இறங்காமல் அடம்பிடிக்கும். மற்றவர்கள் உடம்புப் பலத்தில் தள்ளிவிடுவார்கள். அவளுக்குப் பலம் இல்லை. நின்று குழலைத் துடைக்கலாம் என்றால் நேரம் இல்லை. மணி அடிக்கும்போது எட்டோ ஒன்பதோ வெடியோடு பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

மே மாதக் கடைசியில் ஒடென்சேயில் போட்டி. கழகத்திலிருந்து மூன்று பேர் போகலாம். இரண்டு பேர் முடிவாகிவிட்டார்கள். மூன்றாவது இடம் அவளுக்கா, ஹென்றிக் என்கிற தச்சனுக்கா என்பது மே பத்தாம் திகதி தெரிந்துவிடும். அன்றைக்கும் பதின்மூன்றை முடிக்காவிட்டால் கதிரைதான் கதி.

கொழுப்பு நன்றாக இருந்தால் கரி இறுகாது. இது கழகத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடையில் வாங்கியது அவளுடைய துவக்குக்கு ஒத்துவரவில்லை. "நானே காய்ச்சிறன்" என்று ஏப்ரல் தொடக்கத்தில் குசினிக்குள் இறங்கினாள்.

குசினி அந்தோனிதாசனுடைய ராச்சியம். அவன் அகப்பையோடு வாசலில் நின்று பார்த்தான்.

"ஊரிலை சன்னத்துக்குப் பயந்து பங்கருக்குள்ளை கிடந்தவள், இஞ்சை சன்னத்துக்கு எண்ணெய் பூசுறாள்."

"அது வந்த சன்னம். இது போற சன்னம். தள்ளி நில்லுங்கோ."

வழியோரப் பண்ணையில் வாங்கிய தேன்மெழுகு இருந்தது. கூட எதைச் சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை. மேல்மாடியில் குடியிருக்கும் இசக்கிமுத்து, திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், காற்றாலைக் கம்பனியில் எஞ்சினியர், வாங்கிப்போன இடியப்ப உரலைத் திருப்பிக் கொடுக்க வந்தான். கேட்டதும் யோசிக்கக்கூட இல்லை.

"இதுக்கா இவ்வளவு யோசிக்குதீங்க? வெளக்கெண்ணெய் சேருங்கக்கா. எவ்வளவு சூட்டுக்கும் வழுவழுன்னு நிக்கும். அந்தக் காலத்து இஞ்சினுக்கெல்லாம் அதான்."

விளக்கெண்ணெய். அதில் என்ன கஷ்டம்? மாதா படத்துக்கு முன்னால் எரிகிற விளக்குக்கு ஊற்றும் எண்ணெய் வீட்டிலேயே இருந்தது. டெனிஷ் கடையில் வாங்கிய போத்தல், மேலே விளக்குப் படமும் போட்டிருந்தது. தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்ததில் அவளுக்கு இன்னும் நம்பிக்கை. மெழுகை உருக்கி, அடுப்பை அணைத்து, இறக்கி வைத்து, அரைக் கோப்பை கலந்தாள். சன்னங்களை ஒவ்வொன்றாக முக்கி வரிசையாக அடுக்கினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தன.

அடுத்த பயிற்சி நாளில் ஐந்தாவது சன்னம் பாதிக் குழலில் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. உள்ளே கரி தார் மாதிரி இறுகியிருந்தது. ப்ரெபென் திருகாணி வைத்துச் சன்னத்தைக் கழற்றி எடுக்க இருபது நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் வரிசை முழுவதும் சுடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. ஹென்றிக் அவளுடைய பையைக் காருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். அவமானம் என்றால் அதுதான் அவமானம். வீடு வரும்வரை அவள் அழுதாள்.

வந்த வேகத்தில் எண்ணெய்ப் போத்தலோடு மேல்மாடிக்கு ஏறினாள்.

"தம்பி, நீர் சொன்ன எண்ணெய் என்ரை துவக்கைத் திண்டுபோட்டுது!"

இசக்கிமுத்து போத்தலை வாங்கிப் பார்த்தான். முகர்ந்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது. பயத்தில் அடக்கிக்கொண்டான்.

"அக்கா, இது மண்ணெண்ணெய் சாதிக்கா. கருமருந்தோட சேந்தா தாராத்தான் ஆகும். நான் சொன்னது வெளக்கெண்ணெய்."

"விளக்கு எண்ணெய்தானே இது!"

"ஐயோ, வெளக்குக்கு ஊத்துறது இல்லக்கா. ஆமணக்கு விதைல ஆட்டுவாங்கல்ல, அது. எங்க பக்கம் அதுக்குப் பேரே வெளக்கெண்ணெய்தான்."

மேரிகிறேஸ் போத்தலைப் பிடுங்கி அதிலிருந்த விளக்குப் படத்தை முறைத்துப் பார்த்தாள்.

"அப்ப ஆமணக்கெண்ணெய் எண்டு தமிழிலை சொல்லியிருக்கலாமே!"

"தமிழ்லதானேக்கா சொன்னேன்."

ஒரே மொழியைப் பேசிக்கொண்டு இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் மருந்துக்கடையில் கேட்டால், அங்கே நின்ற வயதான டெனிஷ் பெண், "ஓ, அமெரிக்க எண்ணெயா?" என்று போத்தலை எடுத்துக் கொடுத்தாள். இந்த எண்ணெய்க்கு ஊருக்கு ஒரு பேர் போலிருக்கிறது. எந்தப் பேரானாலும் சரி என்று மேரிகிறேஸ் இரண்டு போத்தல் வாங்கினாள்.

அந்தோனிதாசன் போத்தலைக் கண்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்கு விடுமுறை மூக்கைப் பொத்திக் குடிக்க வைத்த எண்ணெய் அது.

"என்னப்பா இது? துவக்குக்குப் பேதி குடுக்கப்போறியோ?"

"ஓம். அதுக்கும் உள்ளுக்கை கரிதானே கட்டிப்போய்க் கிடக்குது."

சிரித்தானே தவிர, அவனும் சும்மா இருக்கவில்லை. ஆட்டிறைச்சியிலிருந்து வெட்டி எறிகிற கொழுப்பை எறியாமல் சேர்த்து, உப்புப் படாமல் உருக்கி, துணியில் வடித்து வெள்ளை வெளேரென்று ஒரு சட்டி கொடுத்தான். உப்புப் பட்டால் குழல் துருப்பிடிக்கும் என்று அவள் ஒரு தரம் சொன்னதை நினைவு வைத்திருந்தான். தேன்மெழுகு இரண்டு பங்கு, ஆட்டுக்கொழுப்பு இரண்டு பங்கு, ஆமணக்கெண்ணெய் ஒரு பங்கு. கொதிக்க விடாமல் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கினாள். முதல் தரம் காய்ச்சியது அளவுக்கு மீறி இளகிப்போனது. இரண்டாம் தரம் மெழுகைக் கொஞ்சம் கூட்டினாள். மூன்றாம் தரம் பெருவிரலால் அழுத்தினால் பதிந்தது, ஆனால் ஒட்டவில்லை. "இதுதான்" என்றாள். அந்தோனிதாசனும் அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுதான்" என்றான், என்னவோ தனக்கும் தெரியும் என்கிற மாதிரி.

மே பத்தாம் திகதி நல்ல வெயில். அந்தோனிதாசன் முதல்தடவையாகக் கூட வந்தான். காதுமூடியை மாட்டிக்கொண்டு பின்னால் நின்று விரல் விட்டு எண்ணினான்.

நாலு வெடி போனது. ஐந்தாவது சன்னத்தைக் குழல் வாயில் வைத்தாள். கம்பியைப் பிடித்து மெல்ல அழுத்தினாள். சன்னம் வழுக்கிக்கொண்டு அடிவரை போனது. நம்பாமல் இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தாள். போய்த்தான் இருந்தது. ஆறாவது போனது. ஏழாவது போனது. எட்டாவதுக்கு வலது கையை விட்டுவிட்டு இடது கையாலேயே தள்ளினாள். மணிக்கட்டு நோகவே இல்லை. ஒன்பதாவதோடு அவளுடைய பழைய எல்லை முடிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெடியும் அவளுக்குப் புது ஊர்.

பதினொன்றாவது வெடியில் பக்கத்து இடத்திலிருந்து ஹென்றிக் திரும்பிப் பார்த்தான். அவன் நின்று குழலைத் துடைத்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு. பதின்மூன்று. புகை விலகியதும் அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. அவளுக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை. துவக்கை இறக்கி வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, இளவரசி மாதிரி நின்றாள். பின்னால் விரல்கள் போதாமல் அந்தோனிதாசன் இரண்டாவது சுற்றில் மூன்று விரலை நீட்டியபடி அழுதுகொண்டிருந்தான்.

ப்ரெபென் அவளுடைய குழலுக்குள் துணியை விட்டு எடுத்துப் பார்த்தார். கரி இறுகாமல், கண்மை போல இளகித் துணியில் வந்தது. அவர் அதைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவளுடைய இலக்கு அட்டையை எண்ணினார். இரண்டாம் தரமும் எண்ணினார். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. ஹென்றிக் எண்பத்தொன்பது. அவன் வந்து அவளுடைய இடது கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"மேரி, இந்தக் கொழுப்பு" என்றார் ப்ரெபென், அவள் கொழுப்பை அடைத்துக் கொண்டுவந்த தகர டப்பாவைக் காட்டி. "ஒடென்சேக்கு எங்கள் எல்லோருக்கும் இதில் கொஞ்சம் கிடைக்குமா?"

"முதலில் என் பேரை எழுது, ப்ரெபென்" என்றாள் அவள். "கொழுப்பைப் பிறகு பார்க்கலாம்."

ப்ரெபென் பேனாவை எடுத்தார். சுவரில் தொங்கிய அணிப் பட்டியலில் இரண்டு பெயர்களுக்குக் கீழே ஒரு வெற்றுக் கோடு இருந்தது. பேனா அந்தக் கோடு வரை போய் நின்றது. அன்றைக்கு அந்த வரிசையில், முடிவான இரண்டு பேர் உட்பட, அவளைவிடக் கூடப் புள்ளி எடுத்தவர் யாரும் இல்லை. அவர் தாளை உருவிக் கசக்கிப் பைக்குள் போட்டுவிட்டு, புதிய தாள் ஒன்றை எடுத்து, முதல் கோட்டில் மேரிகிறேஸ் என்று எழுதினார்.