அக்காவின் கால் பழக்கம்

கொஞ்ச மாதம் கல்லூரியில் பாடம், கொஞ்ச மாதம் ஒர்க்ஷாப்பில் வேலை என்று மாறி மாறிப் போகிற படிப்பு சின்னவளுடையது. கார் ரிப்பேர் படிக்கவா பெண்ணை அனுப்புவது என்று உறவெல்லாம் மூக்கின் மேல் விரல் வைத்தபோது, அக்காதான் அவளுக்காக மல்லுக்கு நின்றாள். கேலிக்கும் குறைச்சலில்லை. "படிக்க அனுப்பினா புத்தகத்தோட வருவேன்னு பாத்தா, கிரீஸோட வந்து நிக்கறே" என்பாள். அந்த அக்கா இப்போது இல்லை. நோய் வந்தது, இருந்த இடம் தெரியாமல் அவளைக் கொண்டுபோய்விட்டது. அத்தானும் சின்னக் குழந்தையும்தான் மிச்சம்.

அக்காவின் காரை அன்று அத்தான் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுவந்தார். கியர் மாறும்போதெல்லாம் தூக்கிப் போடுகிறதாம். அக்கா இருந்தவரை அதைத் தொட்டே பார்க்காத மனிதர். இளைத்துப்போய், போட்டிருந்த சட்டை தோளில் தொளதொளவென்று தொங்க, யார் வண்டியையோ விட வந்தவர்போல ஓரமாக நின்றார். போர்மேன் வேலையைச் சின்னவளிடமே கொடுத்தார். கியர் எண்ணெயை மாற்றி, பழைய கணக்கை அழித்து, புதிதாகப் பழக்க வேண்டும்; ஒழுங்காகச் செய்தால் அவள் தேர்ச்சிக்கு இந்த வேலையையே கல்லூரிக்கு எழுதிவிடுவதாகவும் சொன்னார்.

தானாகக் கியர் மாறுகிற வண்டி அது. ஓட்டுகிறவரின் கால் எப்படி அழுத்துகிறது என்று உள்ளே ஒரு சின்னக் கணினி பார்த்துப் பார்த்துப் பழகிக்கொள்ளும். எண்ணெய் மாற்றினால் அந்தப் பழக்கத்தை அழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேலை பாதிதான் என்பது கல்லூரியில் அடித்துச் சொன்ன பாடம்.

எண்ணெயை மாற்றுமுன் சின்னவள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். கியர் மாறும்போதெல்லாம் இடித்தது. அடுத்த தெருவில், பின்சீட்டில் குழந்தை தூங்குவதுபோல மெல்ல அழுத்துகிற அக்காவின் காலை நினைத்து அப்படியே அழுத்தினாள். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. கோளாறு ஒன்றுமில்லை. அது இன்னும் அக்காவுக்காகக் காத்திருந்தது. ஓரமாக நிறுத்தி, ஸ்டீயரிங்கில் தலை சாய்த்து வாய்விட்டு அழுதாள்.

அத்தானிடம் சொல்லலாமா? ஏற்கெனவே பாதி ஆளாக நிற்கிறவர். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவானேன் என்று தோன்றியது. அதற்காக அப்படியே விட்டால் குழந்தையை வைத்துக்கொண்டு தினமும் இடிபட்டே போவார். எண்ணெயை மாற்றி, வண்டியின் கணினியோடு பேசும் கருவியை மாட்டினாள். பழைய பதிவுகளை அழிக்கலாமா, உறுதிதானா என்று திரை கேட்டது. அக்காவைக் கொண்டுபோனபோது இப்படி யாரும் யாரையும் கேட்கவில்லை. 'ஆம்' என்பதை அழுத்தினாள். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்தது.

இனி ஓட்டப்போகிறவரே ஓட்டிப் பழக்க வேண்டும். அத்தானை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்தாள். கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் வண்டி அவர் காலுக்கு இணங்கத் தொடங்கிவிட்டது. அவர் முகத்தில் மகிழ்ச்சியைக் காணோம்.

"இடிக்கவே இல்லையே. என்ன பண்ணினே?"

பொய் அவள் வாய்க்கு வரவில்லை. வண்டி அக்காவின் காலைப் பழகி வைத்திருந்ததையும், அதை அழித்துவிட்டதையும் சொல்லிவிட்டாள். அவர் காரை ஓரங்கட்டினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே பேசினார்.

"இடிக்கறப்பல்லாம், 'மெதுவா போங்களேன்'னு அவ பக்கத்துல உக்காந்து திட்டற மாதிரியே இருக்கும். வண்டிக்கு ஏதும் ஆயிடக் கூடாதேன்னுதான் கொண்டு வந்தேன். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம். திரும்பக் கொண்டுவர முடியுமா என்று அவர் கேட்டார். முடியாது என்று தலையாட்டினாள். அவர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அக்காவைக் கொண்டுபோன அன்றுகூட அவர் அழுது அவள் பார்த்ததில்லை.

பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துவிட்டு விலகிப் போயின. பழக்கம் முழுதாகப் பதிய இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியாக வேண்டும்.

"போங்க அத்தான்" என்றாள்.